இழப்பீடும் இரக்கமும்

பழைய வீடொன்றின் அருகே புதிய மாடிக் கட்டடம் எழத் தொடங்குகிறது. வானம் தோண்டுகிறார்கள். பத்தடி, பன்னிரண்டடி என்று பள்ளம் இறங்குகிறது. சில நாள் கழித்துப் பழைய வீட்டின் கூடத்தில், சன்னலின் மூலையிலிருந்து சாய்வாக மேல்நோக்கி ஒரு மெல்லிய கோடு தோன்றுகிறது. பூச்சுதான் வெடித்திருக்கிறது என்று வீட்டார் தம்மைத் தேற்றிக்கொள்கின்றனர். ஒரு மழை பெய்து பள்ளத்தில் நீர் தேங்கியபின் அக்கோட்டில் விரலை நுழைக்கலாம். கதவு தன் சட்டத்தில் பொருந்த மறுக்கிறது. இந்நிலையில் நம் ஊர்களில் பெரும்பாலோர் செய்வது என்ன? கொத்தனாரை அழைத்துச் சிமெண்டு பூசி மறைத்துவிடுவதுதான். “பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்க் காசு கேட்பதா? நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டாமா?” என்று கேட்டுவிட்டு அமைந்துவிடுகிறோம்.

இத்தயக்கத்தைப் பண்பு என்றே நாம் போற்றி வந்திருக்கிறோம். இதில் பண்பு சிறிதும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சுவரைவிட உறவு பெரிது என்று எண்ணும் உள்ளம் இழிவானதன்று. ஆயினும் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். விரிசல் கண்டவருக்குக் கேட்பதற்கு வெட்கமாக இருக்கிறது. பள்ளம் தோண்டியவருக்குத் தோண்டுவதற்கு வெட்கமாக இருந்ததில்லை. வெட்கம் எப்போதும் இழந்தவர் பக்கமே நிற்பது ஏன்? இழப்பீடு கேட்பது அன்புக்கு மாறானது என்னும் எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது?

பழைய சட்டங்களிலிருந்து அது வரவில்லை. ஏறத்தாழ மூவாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்முராபியின் சட்டத்தொகுப்பில், தன் வாய்க்கால் கரையைப் பேணாமல் விட்டு, அது உடைந்து அயலார் வயல் மூழ்கினால், அழிந்த தானியத்தைக் கரைக்குரியவன் ஈடுசெய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரம் மூடாமல் விடப்பட்ட குழியைப் பற்றிப் பேசுகிறது. அதில் அயலானின் மாடோ கழுதையோ விழுந்து செத்தால், குழிக்குரியவன் விலையைக் கொடுக்க வேண்டும். செத்த விலங்கு அவனைச் சேரும். இந்தக் கடைசிக் குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. இழந்தவனுக்கு விலை உண்டு. ஆனால் விலையும் வாங்கிக்கொண்டு தோலையும் உரித்துக்கொள்ளும் உரிமை அவனுக்கு இல்லை. இணைச் சட்ட நூலோ இன்னும் ஒரு படி முன்னே சென்று, புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும் என்கிறது. இவ்விதிகளில் சினமோ பழிவாங்கலோ இல்லை. ஒரு நல்ல கணக்குப்பிள்ளையின் அமைதியே அவற்றில் தென்படுகிறது.

நம் நாட்டுச் சட்டமும் இதைப்பற்றிப் பேசுகிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் பழைய சென்னை மாகாணமும் ஒன்று. ஒரு நிலம் தன் இயற்கை நிலையில் பக்கத்து நிலத்தின் தாங்குதலைப் பெறும் உரிமையுடையது என்று அச்சட்டம் ஏற்கிறது. என் மண் நிற்பது உம் மண் நிற்பதனால்தான்! நாம் வாங்கிப் பதிவு செய்த மனையைத் தனித்தீவு என்று எண்ணிக்கொள்கிறோம். மண்ணோ பத்திரத்தைப் படிப்பதில்லை. மண்ணின் மேல் எழுப்பிய வீட்டிற்கு இவ்வுரிமை உடனே கிடைத்துவிடாது. இடையூறின்றி இருபது ஆண்டுகள் அத்தாங்குதலைப் பெற்றிருந்தால் அது உரிமையாக உறுதிப்படும். இங்கிலாந்தில் 1881-இல் பிரபுக்கள் சபை தீர்த்த டால்டன் – ஆங்கஸ் வழக்கும் இத்தகையதே. அங்கே பக்கத்து வீட்டை இடித்து நிலத்தைத் தோண்டியதால் ஒரு வண்டித் தொழிற்கூடம் சரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாங்கப்பட்டிருந்த அக்கட்டடத்திற்குத் தாங்குதலுரிமை உண்டென முடிவாயிற்று.

நமது சட்டத்தின் 34-ஆம் பிரிவு வேறொன்றும் சொல்கிறது. தாங்கியிருந்ததை அகற்றியதனால் மட்டும் இழப்பீட்டுரிமை பிறக்காது. குறிப்பிடத்தக்க சேதம் உண்மையில் நேர்ந்த பின்னரே பிறக்கும். அச்சத்திற்கு விலை இல்லை என்பது இதன் பொருள். அண்டை வீட்டார் பள்ளத்தின் விளிம்பில் படுத்து உறங்காமல் கழித்த இரவுகள் கணக்கில் வாரா. சட்டம் இவ்வாறு சொல்வதில் நியாயம் உண்டு. ஒவ்வொரு கவலைக்கும் காசு கேட்கத் தொடங்கினால் ஊரில் எவரும் வீடு கட்ட முடியாது. எனினும், சட்டம் கணக்கில் கொள்ளாத இந்த இரவுகளை அயலான் கணக்கில் கொள்ளலாம். தோண்டுமுன் சொல்லிவிடுவதற்கும், பக்கத்துச் சுவருக்கு முட்டுக் கொடுப்பதற்கும், இருக்கும் விரிசல்களை இருவரும் சேர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்வதற்கும் எந்தப் பிரிவும் தேவையில்லை.

“நான் கவனமாகத்தானே கட்டினேன், என்மேல் என்ன குற்றம்?” என்பதே பலரும் கேட்கும் கேள்வி. இதற்கு விடை தேடியோர் இங்கிலாந்தின் இன்னொரு வழக்கையே நாடுவர். லங்காஷயரில் ஆலை நடத்திய ரைலண்ட்ஸ் என்பவர் தம் ஆலைக்கு நீர்த்தேக்கம் ஒன்று அமைக்கச் செய்தார். நிலத்தடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் இருந்தன. வேலை செய்தோர் அவற்றைக் கண்டும் சரிவர அடைக்கவில்லை. ரைலண்ட்ஸ் அதனை அறியார். 1860 டிசம்பரில் தேக்கம் உடைந்து, நீர் அக்குழிகள் வழியே பாய்ந்து, பிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸின் கவனக்குறைவு என்று எதுவும் இல்லை. ஆயினும் 1868-இல் பிரபுக்கள் சபை அவரே ஈடுசெய்ய வேண்டும் என்றது. தன் நன்மைக்காக ஆபத்தானதொன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தவன், அது தப்பிச் சென்று பிறருக்குச் செய்யும் கேட்டுக்குப் பொறுப்பாவான் என்பதே அதன் கருத்து.

அடித்தளம் தோண்டுவதை நீர்த்தேக்கத்தோடு ஒப்பிடலாமா என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். அறத்தின் நோக்கில் இங்கே நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுண்டு. குற்றம் வேறு, பொறுப்பு வேறு. ஆதாயம் யாருக்கோ இழப்பும் அவருக்கே என்பது இயல்பான நீதி. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் இழப்பீடு கேட்பதிலுள்ள கசப்பில் பாதி நீங்கிவிடும். “நீர் கெட்டவர்” என்று நான் சொல்ல வரவில்லை. “உம் வேலையின் செலவில் ஒரு பகுதி தவறி என் வீட்டில் விழுந்துவிட்டது, எடுத்துக்கொள்ளும்” என்றே சொல்ல வருகிறேன். அக்குவினா தோமையார், திருப்பித் தருதலை நீதியின் செயலாகவே வைத்து ஆராய்ந்தார். ஈகையின் கீழ் அதை வைக்கவில்லை. கடனைத் தீர்ப்பவன் வள்ளலும் அல்லன், கேட்பவன் இரவலனும் அல்லன்.

தூய பவுல் கொரிந்தியரை நோக்கி, சகோதரர்கள் வழக்காடுவதைவிட இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாகாதா என்று கடிந்துகொண்டது உண்மையே. அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பொறுத்துக்கொள்பவர் யாருடைய இழப்பைப் பொறுத்துக்கொள்கிறார் என்று கேட்கத்தான் வேண்டும். என் அங்கியை நான் கொடுக்கலாம். மேலாடையையும் சேர்த்துக் கொடுக்கலாம். என் மனைவி மக்கள் உறங்கும் அறையின் சுவரை, பின்கட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தின் பாத்திர பண்டங்களை, நான் யாரைக் கேட்டு மன்னிப்பது? மேலும், பக்கத்தில் கட்டுபவர் இன்று பெரும்பாலும் அயலார் அல்லர், ஒரு நிறுவனம். வலியவரிடம் எளியவர் காட்டும் பொறுமையில் எவ்வளவு மன்னிப்பு, எவ்வளவு அச்சம் என்பதை அவரவர் மனச்சான்றே அறியும். மன்னிப்பதற்கும் முதலில் கடன் ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். இல்லாத கடனை யாராலும் தள்ளுபடி செய்ய இயலாது.

கேட்பவருக்கும் ஒழுங்கு வேண்டும். பக்கத்தில் கடப்பாரை விழுந்த ஓசை கேட்டவுடன் தாத்தா காலத்து வெடிப்புகளையெல்லாம் பட்டியலில் சேர்ப்போர் உண்டு. விரிசல் வளர்கிறதா என்றறிய அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைப் பதித்து வைப்பது கட்டடக்காரர்களின் பழைய முறை. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடையாத கண்ணாடிக்கும் விலை கேட்பவர் குழியில் செத்த மாட்டின் தோலையும் கேட்பவரே. இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்றுண்டு. நாற்பது ஆண்டு பழமையான சுவரை இடித்துப் புதிதாகக் கட்டித் தந்தால் வீட்டார் முன்பிருந்ததைவிட மேலான ஒன்றைப் பெற்றுவிடுகிறார். பழையதின் தேய்மானத்தைக் கழித்துக் கொடுத்தாலோ சுவரே எழும்பாது. பாதிச் சுவர் என்று ஒன்று உலகில் இல்லை. இத்தகைய இடத்தில், கேடு செய்தவர் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதே நேர்மை என்று எனக்குத் தோன்றுகிறது. கேளாமல் வந்த புதுமைக்கு விலை தரும்படி எவரையும் கட்டாயப்படுத்த இயலாதன்றோ?

விரிசலோடு நின்றவர்கள் பேறுபெற்றோர். 2019 டிசம்பர் 2 அன்று விடியுமுன், கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழையில் ஊறிய ஒரு சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகளின்மேல் சரிந்தது. சுமார் இருபதடி உயரமான கற்சுவர் அது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தனர். அனைவரும் தலித் மக்கள். அச்சுவர் தங்களை விலக்கி வைக்கவே எழுப்பப்பட்டது என்றும், அதன் ஆபத்தைப் பற்றி முன்பே முறையிட்டிருந்தோம் என்றும் அப்பகுதியினர் கூறினர். அவர்கள் அன்று கேட்டது பணமன்று. ஒரு சுவர் அப்புறப்படுத்தப்பட வேண்டும் என்பதையே கேட்டார்கள்.

இறந்தோர் குடும்பங்களுக்கு அரசு முதலில் 4 இலட்சம் ரூபாயும் பின்னர் மொத்தம் 10 இலட்சம் ரூபாயும் அறிவித்தது. அதனை ஏடுகள் நிவாரணம் என்றும் இழப்பீடு என்றும் மாற்றி மாற்றி எழுதின. அவ்விரு சொற்களும் ஒன்றல்ல. நிவாரணம் துன்பத்தைக் கண்டு இரங்கி அளிப்பது. புயலுக்கும் வெள்ளத்திற்கும் உரியது. இழப்பீடு கடன், அதற்குக் கடன்பட்டவர் ஒருவர் உண்டு, அவருக்கு ஒரு பெயரும் முகவரியும் உண்டு. நிவாரணத்திற்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. இழப்பீட்டுக்குப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். அரசு விரைந்து கொடுத்தது நன்றே. குழந்தைகளை இழந்த வீட்டில் நீதிமன்றம் முடியும்வரை அடுப்பு காத்திராது. ஆனால் அது அரசுப் பணம். தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி செலுத்தும் நடூர் மக்களுக்கும் அதில் பங்கு இருந்தது.