திருவிருந்தில் தொடங்கிய பிரிவினை

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி 1948-க்குப் பிறகுதான் அரசுக் கொள்கையானது. அதைத் தாங்கிய இறையியலின் வேர் அதற்கு ஏறக்குறைய நூறாண்டு முந்தையது. கேப் பகுதியின் டச்சு சீர்திருத்த சபை, நிறமோ பிறப்போ பாராமல் எல்லாருக்கும் ஒரே திருவிருந்து என்று 1829-இல் முடிவெடுத்திருந்தது. வெள்ளையர் சிலர் சேர்ந்து அமர மறுக்கவே, 1857-ஆம் ஆண்டுச் சினாடு ‘சிலரது பலவீனத்தை’ முன்னிட்டுத் தனி வழிபாட்டுக்கு இடங்கொடுத்தது. கூடி வழிபடுவதே வேதத்துக்கு ஏற்றது என்பதையும் அதே தீர்மானம் ஒப்புக்கொண்டது. 1881-இல் கலப்பினத்தாருக்கெனத் தனிச் சபையே உண்டாயிற்று. சலுகை வழக்கமான பிறகு, அதற்கு வேத ஆதாரமும் தேடப்பட்டது. பாபேலில் மொழிகளைக் குழப்பி மக்களைச் சிதறடித்தவர் கடவுள். ஆகவே இனங்கள் தனித்தனியே வாழ்வது அவர் சித்தம் என்றனர்.

1948-இல் பிரதமரான டி. எஃப். மலான் டச்சு சீர்திருத்த சபையின் முன்னாள் ஆயர். 1950-இன் குழுப் பகுதிகள் சட்டம் குடியிருப்புகளைப் பிரித்தது. 1953-இன் சட்டங்கள் பள்ளிகளையும் பொது இடங்களையும் பிரித்தன. கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் 1966-இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டு, சுமார் 60,000 பேர் வெளியேற்றப்பட்டனர். வீடுகள் தரைமட்டமாயின, தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் இடிபடாமல் நின்றன. தொலைவிலுள்ள கேப் ஃபிளாட்ஸ் மணல்வெளிக்கு அனுப்பப்பட்டவர்கள் வழிபாட்டுக்காகத் திரும்பி வந்து, வீதியற்ற வெளியில் நின்ற ஆலயத்துக்குள் நுழைந்தனர்.

நிறவெறி அரசியல் கொள்கையா, விசுவாசப் பிறழ்வா என்பதே இறையியலாளர்முன் நின்ற கேள்வி. வெறும் கொள்கை என்றால் நல்லவர்களும் அதில் மாறுபடலாம், திருத்தினால் போதும். பிறழ்வு என்றால் சமரசத்துக்கு இடமில்லை. 1982-இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு அதைப் பிறழ்வு என்றே அறிவித்து, இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது.

1881-இல் ஒதுக்கப்பட்ட கலப்பினத்தாரின் சபை, 1982-இலேயே பெல்ஹாரில் வரைந்த விசுவாச அறிக்கை, அது ஏன் பிறழ்வு என்பதற்கான தர்க்கத்தைத் தந்தது. மனிதர் ஒருவரோடொருவர் ஒப்புரவாக இயலாது என்ற அனுமானத்தில்தான் கட்டாயப் பிரிவினை நிற்கிறது. கிறிஸ்துவில் ஒப்புரவு நிகழ்ந்துவிட்டது என்பதோ சுவிசேஷம். இரண்டையும் ஒருங்கே நம்ப முடியாது. இந்த வாதத்தின்படி, பிரிக்கப்பட்ட பள்ளிகள் தரத்தில் சமமாக இருந்தாலும் பிரிவினை தவறே. ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் மாநாட்டில் இறையியலாளர் வில்லி யோங்கர் தம் குற்றத்தையும் டச்சு சீர்திருத்த சபையின் குற்றத்தையும் அறிக்கையிட்டார். பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ அதை ஏற்றுக்கொண்டார். பொது இடங்களைப் பிரித்த சட்டம் அதற்கு முந்தைய மாதமும், குழுப் பகுதிகள் சட்டம் 1991-இலும் நீங்கின. ஆனால் பெல்ஹார் அறிக்கை ஒப்புரவோடு நீதியையும் சேர்த்தே கேட்டிருந்தது. மன்னிப்பு இடிந்த வீட்டைக் கட்டித் தராது. நிறவெறிச் சட்டங்களால் நிலமிழந்தவர்கள் அதைத் திரும்பக் கோரவோ ஈடு பெறவோ 1994-இன் நில உரிமை மீட்புச் சட்டம்தான் வழி திறந்தது.