அதே குகை, வேறு ஆள்

முத்தியால்பேட்டையில் அக்கா மகன் 'ஸ்கைரிம்' விளையாட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். 2011-இல் வந்த விளையாட்டு. கை கட்டப்பட்ட கைதியாக வண்டியில் போவதுதான் எல்லோருக்கும் ஆரம்பம். போன தடவை வாள்வீரனாக ஆடினான். குகையில் தூங்கிய கரடியை வெட்டிச் சாய்த்துவிட்டே வெளியேறினான். இந்தத் தடவை பதுங்கிப் போகிற ஆள். குனிந்து, அடிமேல் அடி வைத்து, கரடியின் ஓரமாகவே நகர்ந்தான். அது கண் திறக்கவில்லை.

"மாமா, இப்படியும் போகலாம்னு அப்போ தோணவே இல்ல" என்றான்.

எனக்கு அரவிந்தர் நினைவு வந்தது. அலிப்பூர் வழக்கில் ஓராண்டு சிறையிலிருந்து, 1909 மே மாதம் விடுதலையானவர். 1910 ஏப்ரல் 4 அன்று கப்பலில் வந்து நம் ஊரான புதுச்சேரியில் இறங்கினார். நாடே அறிந்த பேனா, பேச்சு, பெயர் எல்லாம் இருந்தும் யோகத்தில் புதிதாகத் தொடங்கினார். 1920-இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமையேற்க அழைத்தார்கள், மறுத்துவிட்டார். களத்தைவிட்டு ஓடியவர் என்று அவரைச் சொன்னவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். கைவந்த திறமையை இறக்கி வைக்கப் பெரிய நெஞ்சுரம் வேண்டும்.

1950 டிசம்பர் 5-இல் மறையும்வரை, நாற்பது ஆண்டுகள், அவர் புதுச்சேரியிலேயே இருந்தார்.