டீசல் ஃபில்டரும் மூன்று அளவைகளும்

காரின் டீசல் ஃபில்டரை எப்போது மாற்றுவது என்பது ஒர்க்‌ஷாப் வாசலிலேயே தீர்ந்துவிட வேண்டிய கேள்விதான். ஆனாலும் அதற்குள் ஒரு பழைய சிக்கல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று கெடுவதற்கு முன்பே அதைப் பற்றி முடிவெடுக்க வேண்டுமென்றால், எதை நம்பி எடுப்பது? 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை எழுதிய அருணந்தி சிவாச்சாரியார், எதை வைத்து எதை அறிகிறோம் என்பதை நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பதி, பசு, பாசத்துக்கு வருகிறார். அளவைகள் எனப்படும் அறியும் வழிகளைப் பத்தாகவும் அதற்கு மேலும் விரிப்பவர்கள் உண்டு என்று சொல்லிவிட்டு, காட்சி (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார். ஃபில்டர் விஷயத்தில் காட்சி எட்டாது, கருதல் பிந்திவிடும். ஆகவே உரைதான் முன்னே நடக்க வேண்டும். என் கட்சி இதுதான். ஆனால் அந்த உரைக்கும் எல்லை உண்டு.

திருவொற்றியூரில் செக்காட்டி எண்ணெய் எடுத்துக் கோயிலுக்கு விளக்கேற்றிய கலிய நாயனாரின் கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. பொருளெல்லாம் தீர்ந்து எண்ணெய்க்கு வழியில்லாத நாளில், தன் ரத்தத்தையே விளக்கில் ஊற்றக் கழுத்தை அரியத் துணிந்தவர் அவர். அகலில் எண்ணெய் குறைவதைக் கண் பார்க்கிறது. அங்கே காட்சியே போதும். இன்றைய காமன் ரெயில் டீசல் எஞ்சினில் அப்படி இல்லை. இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். உள்ளே ஓடும் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனோ ஏறக்குறைய 70 மைக்ரான். அவ்வளவு நுண்ணிய துகளையும், டீசலோடு வரும் தண்ணீரையும், பல கார்களில் மூடி முத்திரையிட்ட ஒரு டப்பா தடுத்து நிறுத்துகிறது. திறந்து பார்த்தால் மறுபடி மாட்ட முடியாது; வெளியிலிருந்து பார்த்தால் நேற்று மாட்டியதும் மூன்று வருடம் ஓடியதும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சரி, கருதல்? புகையைக் கண்டு நெருப்பை அறிவதுதான் அதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம். வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது, மேம்பாலம் ஏறும்போது பிக்கப் இல்லை, மிஸ் அடிக்கிறது. இவற்றைக் கண்டு ஃபில்டர் அடைத்திருக்கும் என்று கருதலாம். காட்சியை மட்டுமே நம்பும் உலகாயதர் (சித்தியாரில் பிற மதங்களை மறுக்கும் பரபக்கம் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது) இன்னும் ஒரு படி மேலே போய், கண்ணில் படுகிற கோளாறு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமே, எதற்கு முன்கூட்டியே செலவு என்பார். அவர் பேச்சில் பாதி நியாயம் உண்டு. தூசியும் கசடும் சேர்ந்து ஃபில்டர் அடைபட்டால், எஞ்சினுக்கு டீசல் போவது குறையும், வண்டி திணறும், மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தண்ணீர் அப்படியில்லை. ஃபில்டரின் அடியில் சேர்ந்த தண்ணீர் நிறைந்து வழிந்தால் டீசலோடு பம்புக்குப் போகும். அங்கே உராய்வைத் தணிப்பது டீசல்தான். தண்ணீருக்கு அந்த எண்ணெய்ப் பசை கிடையாது. உலோகம் தேயும், துருப்பிடிக்கும், இன்ஜெக்டர் நாசில் போகும். இங்கே புகை தெரியும்போது நெருப்பு தன் வேலையை முடித்திருக்கும். ஒரு ஃபில்டரின் விலையையும் நாலு இன்ஜெக்டரின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிந்தி வரும் அறிவுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது விளங்கும்.

எஞ்சியிருப்பது உரை: காரோடு வந்த கையேடு. பல டீசல் கார்களுக்கு 20,000 முதல் 40,000 கிலோமீட்டருக்குள் ஒரு கணக்கும், கூடவே வருடக் கணக்கும் இருக்கும். சொல்பவனுக்கு இதில் லாபம் இருக்கிறதே, அவன் சொல்லை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்பத்தக்க சொல்லுக்கு உரியவன் பொருளை அறிந்தவனாகவும் பொய் சொல்லக் காரணம் இல்லாதவனாகவும் இருக்க வேண்டும் என்பது தர்க்கநூலார் வைத்த நிபந்தனை. உதிரிபாகம் விற்கும் கம்பெனிக்குச் சீக்கிரம் மாற்றச் சொல்வதில் லாபம். வாரண்டி கொடுத்திருக்கும் அதே கம்பெனிக்குத் தாமதமாக மாற்றச் சொல்வதில் நஷ்டம். செலவு குறைவான வண்டி என்று பெயர் வாங்க வேண்டியிருப்பதால், அளவுக்கு மீறி மாற்றச் சொல்லவும் அதனால் முடியாது. ஆசைகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும் இந்த இடத்தில் அச்சான கணக்கு ஓரளவு நேர்மையாகவே அமைகிறது. சர்வீஸ் கவுன்ட்டரில் பில்லோடு ஒட்டிக்கொண்டு வரும், கையேட்டில் எங்கும் இல்லாத ‘க்ளீனிங்’ வேறு கதை.

இதே வாதத்தை வைத்து மதத்தின் சொல்லையும் நம்பச் சொல்வீர்களா என்று ஒருவர் மடக்கலாம். திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவானவர். ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பவர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டுமே கவசம் களைவார்கள். மற்ற நாளெல்லாம் கும்பிடுபவர்கள் உரையை நம்பித்தானே கும்பிடுகிறார்கள்? தர்க்க மரபின் மூலநூலான நியாய சூத்திரம் இந்தப் பாலத்தைக் கட்டியே பார்த்தது: மருத்துவ நூல் சொன்னது பலிக்கிறது, ஆகவே அதைப் போல வேதமும் நம்பத்தக்கது என்றது. எனக்கு அது ஒப்பவில்லை. சோதித்துப் பார்க்கக்கூடிய இடத்தில் சம்பாதித்த நம்பிக்கையைச் சோதிக்க முடியாத இடத்துக்கு அப்படியே மாற்றிக்கொடுக்க முடியாது. ஃபில்டரைச் சரியாகச் சொன்ன மெக்கானிக் கிளட்ச்சையும் சரியாகச் சொல்வார் என்பதற்கே உத்தரவாதம் இல்லை. பக்தனின் நம்பிக்கை பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று கையேட்டின் வெற்றியிலிருந்து வராது, தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்கிறேன்.

கையேட்டின் எல்லையும் திருவொற்றியூரில் நன்றாகத் தெரியும். அதன் முதன்மை அளவுகோல் கிலோமீட்டர். துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்கள் எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசைகட்டி நிற்க, அவற்றுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கார் நின்ற இடத்திலேயே டீசலைக் குடிக்கிறது. மீட்டர் நகர்வதில்லை, ஃபில்டர் வழியே டீசல் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பாதி காலியான டேங்கில் கடற்கரை ஈரம் நீராகப் படிகிறது. (எண்ணூர் நிலக்கரித் தூசியை இதற்குப் பழிப்பவர்கள் ஏர் ஃபில்டரோடு குழப்பிக்கொள்கிறார்கள்.) எங்கோ உட்கார்ந்து கணக்கு எழுதியவர் இந்தச் சாலையைப் பார்த்ததில்லை. கடுமையான சூழலில் முன்னதாக மாற்றுங்கள் என்று பல கையேடுகள் ஒரு வரி சேர்ப்பதே, தன் சொல்லைப் படிப்பவரின் காட்சியும் கருதலும் திருத்த வேண்டும் என்று உரையே ஒப்புக்கொள்வதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளமும் எண்ணெய்க் கசிவும் சேர்ந்து எண்ணூர்ப் பகுதி வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு போட்டன. அந்த வெள்ளத்தில் டேங்க் வரை மூழ்கிய வண்டிக்கு 40,000 என்ற எண்ணால் பயனில்லை. சாவியைத் திருப்புவதற்கு முன் டேங்கைச் சோதிக்க வேண்டும், தண்ணீர் இருந்தால் வடித்து ஃபில்டரையும் மாற்ற வேண்டும்.

பெட்ரோல் கார்க்காரர்களுக்குச் சிக்கல் வேறு. பல வண்டிகளில் ஃபில்டர் டேங்குக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கிறது. சர்வீஸ் அட்டவணையில் அதற்கு வரியே இருக்காது. சொல்லாததை ‘தேவையில்லை’ என்று படிக்கலாமா? இன்மையைக் கொண்டு அறிவதும் அருணந்தி எடுத்து ஆராய்ந்த அளவைகளில் ஒன்று. மேசையில் பானை இல்லை என்று பார்த்துச் சொல்லலாம். பட்டியலில் ஒரு வரி இல்லை என்பதை வைத்து டேங்குக்குள் கசடு இல்லை என்று சொல்ல முடியாது. அந்த அட்டவணை எந்தப் பெட்ரோலை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதும் முக்கியம். இன்று பங்கில் பிடிப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய டேங்கில் படிந்த கசடையும் கிளப்பும். பத்து வருடத்துக்கு முன் அச்சடித்த கையேட்டின் மௌனத்தை இன்றைய பெட்ரோலுக்கும் பொருந்தும் சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பழைய வண்டியில் பம்பை வேறு காரணத்துக்காக வெளியே எடுக்கும் நாளிலேயே ஃபில்டரையும் மாற்றிவிடலாம், கூலி இரண்டு முறை ஆகாது.