பெரிய வண்டியைக் கொடுத்துவிட்டவர்

தொப்பூர் கணவாயில் லாரியை நியூட்ரலில் இறக்காதீர்கள் என்று காவல்துறை சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பலகை வைத்தும் பார்த்தாயிற்று. ஆனாலும் தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் சரியும் அந்தச் சாலையில் கியரை விடுவித்து வண்டியை உருளவிடும் பழக்கம் முழுதாக ஒழியவில்லை. காரணம் டீசல். மிச்சமாவது கொஞ்சம்தான். ஆனால் எஞ்சினின் பிடி விட்டுப்போன வண்டியின் மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில் விழுகிறது. மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போகும். 2020 டிசம்பர் 12 அன்று இந்தச் சரிவில் கட்டுப்பாடு இழந்த சிமென்ட் லாரி பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மீது மோதியது, நால்வர் இறந்தனர். 2024 ஜனவரி 24 அன்று அதே சரிவின் இரட்டைப் பாலத்தில் மறுபடி நால்வர். ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனிக் காரணம் இருக்கலாம். ஆனால் ஏறுவதற்கு எந்த கியரோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்களின் பொதுவான பாடம்.

குடும்பக் கணக்கில் இறங்க வேண்டியவர்களுக்கு அந்தப் பாடத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. ஏறுவதற்குத்தான் ஆயிரம் பேர் கைகொடுக்கிறார்கள். ஷோரூமில் சாவியைப் பெரிய அட்டையாகச் செய்து கையில் கொடுத்து, கேக் வெட்டி, போட்டோ எடுக்கிறார்கள். மூன்று வருடம் கழித்து அதே வண்டியை விற்றுவிட்டுச் சின்ன வண்டியோடு ஊருக்கு வருபவருக்குக் கிடைப்பது ஒரு கேள்வி: “ஏன் மாப்ள, வண்டியக் குடுத்துட்டியாமே, எதாச்சும் பிரச்சனையா?” பத்து லட்சம் கடன் வாங்கியபோது இதே வாய் “நல்லா வந்துட்டான்” என்றது. கடன் வாங்கினால் முன்னேற்றம், அடைத்தால் கஷ்டம் என்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லாத விதி. ஆனால் ஊர் அதன்படிதான் நடக்கிறது.

எண்களைப் பார்க்கலாம். பத்து லட்சம் ரூபாய், ஒன்பதரை சதவீத வட்டி, ஏழு வருடம் என்று வைத்துக்கொண்டால் மாத டியூ சுமார் 16,340 ரூபாய். மூன்று வருடம் தவறாமல் கட்டி முடித்தால் கையிலிருந்து போனது 5.88 லட்சம். இன்னும் பாக்கி எவ்வளவு என்று கேட்டால் ஆறரை லட்சம் என்பார்கள். முன்வருடங்களில் கட்டுவதில் கணிசமான பகுதி வட்டிக்கே போய்விடுகிறது என்பது பலருக்கும் வண்டியை விற்கப் போகும் அன்றுதான் தெரிகிறது. வண்டி எட்டரை லட்சத்துக்குப் போனால் கடனை அடைத்து இரண்டு லட்சம் மிஞ்சும். முன்கூட்டி முடிப்பதற்கென்று ஒரு கட்டணம் பிடித்தால் அதிலும் குறையும். அந்த இரண்டோடு இன்னொரு இரண்டு லட்சம் கடன் வாங்கி, நான்கு லட்சத்தில் சிங்கிள் ஓனர் ஓட்டிய சின்ன கார் ஒன்றை எடுத்தால், செகண்ட்ஹேண்ட் கார்களுக்கான கடனின் 13 சதவீத வட்டியிலும் மூன்று வருட டியூ 6,740 ரூபாய்தான். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுபவருக்கு, லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுத்த வண்டியிலிருந்து இருபது கொடுக்கும் வண்டிக்கு மாறினால் பெட்ரோலில் 33 லிட்டர் மிச்சம். இரண்டும் சேர்ந்து மாதம் ஏறக்குறைய 13,000 ரூபாய் மூச்சுவிடும். ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு ஊரில் அடகு வைத்த நகைக்கு வட்டி கட்டுகிறவருக்கு அது சின்னத் தொகை அல்ல.

திரும்பி வராத பணமும் உண்டு. 2023 நவம்பரில் தமிழ்நாடு மாற்றியமைத்த ஆயுள் வரியில், பத்து லட்சத்துக்கு உட்பட்ட கார்களுக்கு 12 அல்லது 13 சதவீதம். அதைத் தாண்டினால் 18, இருபது லட்சத்தையும் தாண்டினால் 20. விற்கும்போது யாரும் அந்த வரியைத் தனியாக எண்ணித் தரப்போவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய சின்ன கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. பெரிய கார்களுக்கு 40. முன்பு பெரிய வண்டிகளுக்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதம் வரை போனது என்பதால் அவற்றுக்கும் லாபம்தான். புதிய வண்டியின் விலை இறங்கினால் வீட்டு வாசலில் நிற்கும் பழைய வண்டியின் விலையும் கூடவே இறங்கும் என்பதை மட்டும் அன்று யாரும் விளம்பரத்தில் போடவில்லை.

வண்டியின் அளவை அரசு எங்கெல்லாம் கவனிக்கிறது, எங்கெல்லாம் கண்டுகொள்வதில்லை என்பது தனி வேடிக்கை. மூன்றாம் நபர் காப்பீட்டில், 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, ஆயிரம் சிசிக்கு மேற்படாத காருக்கு 2,094 ரூபாய், 1,500 சிசியைத் தாண்டினால் 7,897. ஆனால் தொப்பூரை அடுத்த பாளையம் சுங்கச்சாவடியில் காரும் ஜீப்பும் வேனும் ஒரே வகை. பழைய ஆல்ட்டோவும் பளபளக்கும் ஃபார்ச்சூனரும் அங்கே சரிசமம். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான சுங்கச்சாவடி பாஸும், 200 முறை அல்லது ஒரு வருடம் என்ற கணக்கில், சொந்தக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விலை. நாட்டில் சமத்துவம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குக் காட்ட ஓர் இடமாவது கிடைத்தது.

சின்ன கார் மீதான கூச்சம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு டாடா நானோவே போதும். ஸ்கூட்டரில் நனைந்து போகும் குடும்பத்தைப் பார்த்து ரத்தன் டாடாவுக்கு வந்த யோசனை அது. 2008 ஜனவரியில் டெல்லிக் கண்காட்சியில் ஒரு லட்ச ரூபாய்க் காராக அறிமுகமாகி, பத்து வருடத்தில் உற்பத்தி நின்றுபோனது. தீப்பிடித்த செய்திகள், சிங்கூரிலிருந்து சாணந்துக்கு ஆலை மாறிய தாமதம் எனக் காரணங்கள் பல. ஆனால் மிக மலிவான கார் என்ற பெயரே அதைக் கெடுத்தது என்று ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். கார் வாங்க வழியில்லாதவருக்காகச் செய்த காரை, வழியில்லாதவர் என்று தெரிந்துவிடுமே என்று அவரே வாங்கவில்லை. இதைவிடச் சுருக்கமாக நம் நடுத்தர வர்க்கத்தைப் படம்பிடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கூச்சத்தில் சேராத ஒரு தயக்கமும் உண்டு. அதைக் கேலி செய்யக் கூடாது. பின்னால் முப்பது டன் லாரி வரும் சரிவில், மெல்லிய தகடுள்ள சின்ன காரில் பிள்ளைகளை உட்கார வைப்பது எப்படி? பாரம் ஏற்றிய லாரி கட்டுப்பாடிழந்து வந்தால் பெரிய காரும் தாங்காது என்பது உண்மைதான். மற்ற விபத்துகளில் காரின் கட்டுமானம் உயிரைத் தீர்மானிக்கிறது என்பதும் உண்மை. சின்ன கார் என்றாலே ஒரே தரம் என்றும் இல்லை: குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2020இல் டியாகோ நான்கு நட்சத்திரம் வாங்கியது, 2023இல் வேகன்ஆர் வாங்கியது ஒன்று. சிக்கனம் பார்ப்பவர் மைலேஜோடு இதையும் பார்க்கலாம். பார்க்காமல் மிச்சம் பிடிப்பதற்கும் நியூட்ரலில் இறங்குவதற்கும் அதிக வித்தியாசமில்லை.

இன்னொரு வகை இறக்கமும் உண்டு. விற்க மனம் வராமல், டியூவும் கட்ட முடியாமல், இந்த மாதம் போகட்டும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று உருளவிடுவது. பைனான்ஸ்காரர்கள் வந்து வண்டியை எடுத்துப் போகும்போது ஊர் வேறு கேள்வி கேட்பதில்லை. தெருவே பார்த்துவிட்டதால் கேட்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதன்பின் ஏலத்தில் போன விலை, அபராதக் கட்டணம், விழுந்துபோன சிபில் மதிப்பெண் எல்லாம் வந்து சேரும். மானத்துக்காகத் தள்ளிப்போட்டவருக்கு வண்டியும் இல்லை, மானமும் இல்லை.

நேரத்தோடு விற்றவருக்கு வேலை ஒன்று பாக்கி. படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டு, பைனான்ஸிடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் வாங்கிக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். காப்பீட்டின் நோ கிளைம் போனஸ் தன்னுடையது, அதைப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐந்து வருடம் இழப்பீடு கேட்காமல் ஓட்டியவருக்கு அது 50 சதவீதம். அதைவிடப் பெரிய மறதி, ஆர்சியில் பெயர் மாறியதா என்று பார்க்காதது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. கார் ஒன்று 2007இல் விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறிப் போய், 2009இல் விபத்தில் சிக்கியது. ஆர்சியில் மட்டும் முதலில் விற்றவர் பெயரே இருந்தது. இழப்பீடு கட்ட வேண்டியவர் அவரே என்றது நீதிமன்றம். பெரிய வண்டியைக் கொடுத்துவிட்டவர் ஊராரின் கேள்விக்குப் பதில் தேடுவதற்கு முன்னால், பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அது இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.