ஆயாவை யார் தூக்குவது?

இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் உடனே பாயை விரித்துவிடாதீர்கள். வீட்டில் இருக்கிற எல்லோரையும் உட்கார வைத்து ஒரு கேள்வி கேளுங்கள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஊரைவிட்டுக் கிளம்பச் சொன்னால், நடக்க முடியாத ஆயாவை யார் தூக்குவது?

ஒன்பது மணி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நேரத்தில் நம் வீராம்பட்டினத்தில் ஒரு குடும்பமும் ஓரிடத்தில் இருக்காது. அப்பா விடியும் முன்பே ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போயிருப்பார். அம்மா கூடையோடு பெரிய மார்க்கெட்டில் இருப்பார். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் மிஞ்சுவது ஆயாவும் தூளியில் தூங்குகிற குழந்தையும்தான். "எல்லாரும் சேர்ந்து கிளம்பிக்கலாம்" என்று இருக்கிற வீட்டில் திட்டமே இல்லை. அந்த வேளையில் தெருவில் இருக்கக்கூடியவர் யார்? வலையைப் பழுது பார்க்கும் சித்தப்பாவா, அடுத்த வீட்டு அக்காவா? அவரிடம் போய் வாய்விட்டுக் கேளுங்கள். அவர் வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள் பொறுப்பு என்று பதிலுக்கு வாக்குக் கொடுங்கள்.

எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். நமக்கு வடக்கே, நேர்க்கோட்டில் ஏறக்குறைய 80 கி.மீ. தூரத்தில் கல்பாக்கம் இருக்கிறது. தலா 220 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் 1980களிலிருந்து அங்கே நிற்கின்றன. சோடியத்தால் குளிர்விக்கப்படும் 500 மெகாவாட் ஈனுலையும் அங்கே கட்டப்பட்டிருக்கிறது. உலையைச் சுற்றி 16 கி.மீ. வரைதான் அவசரகாலத் திட்ட வளையம். நாம் அதற்கு வெகு வெளியே இருக்கிறோம். அதை மறைத்து உங்களைப் பயமுறுத்தினால் நான் செய்வது பாவம். புயலும் அலையும்தான் நம் வாசலுக்கு முதலில் வரும். ஆனால் கடலும் அணு உலையும் தனித்தனிக் கதைகள் என்று நினைத்துவிட வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை நம் கரையில் ஏறிய அதே சுனாமி அலைதான் கல்பாக்கத்தின் கடல்நீர் இறைக்கும் பம்ப் அறைக்குள்ளும் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையைப் பணியாளர்கள் பத்திரமாக நிறுத்தினார்கள். கதிர்வீச்சு எதுவும் கசியவில்லை. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் அந்த நல்லூழ் இல்லை. அலை ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது, குளிர்விப்பு நின்றது, மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது.

அங்கே நமியே என்ற கடற்கரை ஊர் மக்கள் என்ன ஆனார்கள் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். உலையிலிருந்து விலகிவிட்டோம் என்ற நம்பிக்கையில் அவர்கள் வடமேற்கே, மலைப் பக்கம் இருக்கும் ட்சுஷிமாவில் போய்த் தங்கினார்கள். காற்றும் அந்தப் பக்கமே வீசியது. காற்று எங்கே போகிறது என்று கணித்த விவரம் அரசிடம் இருந்தும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. கூட்டிக்கொண்டு போன பிள்ளைகளோடு நச்சு மேகத்தின் அடியிலேயே நாள்கணக்கில் இருந்தார்கள். வாடைக்காற்று எப்போது எழும்பும், எப்போது திரும்பும் என்று வானத்தைப் பார்த்தே சொல்கிறவர்கள் நாம். காற்றை அறியாமல் ஓடுவது, திசை பாராமல் போட்டைத் தள்ளுவதற்குச் சமம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆகவே அலை, அணு உலை இரண்டையும் பிரித்து மனதில் பதியுங்கள். அலை என்றால் ஓட வேண்டும், அந்த நிமிடமே, வெறுங்கையோடு, மேற்கே. கடல் உள்வாங்கினால் மீன் பொறுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். போட்டை இழுத்துக் கட்டத் திரும்பிப் போகாதீர்கள். ஆழக்கடலில் இருப்பவர்கள், வரச் சொல்லும்வரை கரைக்கு வராமல் இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு. அணு உலை விபத்து என்றால், கிளம்பச் சொல்லி உத்தரவு வரும்வரை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். கதவு, ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி திணித்து, ஏ.சி.யை நிறுத்தி, தண்ணீர்க் குடங்களை மூடுங்கள். வெளியே காயும் கருவாட்டை எடுக்கப் போகாதீர்கள். வெளியிலிருந்து வந்தவர் வாசலிலேயே மேலாடையைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டுத் தலைமுதல் சோப்புப் போட்டுக் குளித்தால், உடம்பில் ஒட்டியதில் பெரும்பகுதி போய்விடும். இரண்டும் ஒரே நாளில் வந்தால் முதலில் அலையிலிருந்து தப்புங்கள். அலை தரும் அவகாசம் நிமிடங்கள்தான்.

இங்கேதான் நம் ஊரின் மானம் இருக்கிறது. கான்கிரீட் வீட்டுச் சுவர் கதிர்வீச்சைத் தடுக்கும் அளவுக்குக் கூரை வீடு தடுக்காது. அந்த வேளையில் மாடிவீட்டுக்காரர் கதவைத் திறந்து, கூரை வீட்டுக்காரரையும் அவர் பிள்ளைகளையும் உள்ளே கூப்பிட வேண்டும். பங்காளிச் சண்டை, போன பஞ்சாயத்தில் விழுந்த அபராதம், பேசாமல் போன வருஷங்கள் எல்லாம் வாசலோடு நிற்கட்டும். அன்று கதவைத் திறக்காதவர் அதன்பிறகு அம்மன் தேர்வடத்தை எந்தக் கையால் பிடிப்பார்?

தேர் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆடி வெள்ளியன்று செங்கழுநீர் அம்மன் தேரோட்டத்தின்போது அரியாங்குப்பம் சாலை எப்படித் திணறுகிறது என்று வருஷா வருஷம் பார்க்கிறோம். கிளம்பச் சொல்லும் நாளில் வீட்டுக்கு இரண்டு பைக், ஒரு ஆட்டோ என்று எல்லோரும் இறக்கினால் ஆம்புலன்ஸ் உள்ளே வராது. நடக்க முடிந்தவர்கள் நடந்து போகட்டும். வண்டி இருப்பவர் அதில் முதலில் ஏற்ற வேண்டியது முடியாதவர்களை, பிள்ளைத்தாய்ச்சிகளை. டி.வி.யை, கிரைண்டரை அல்ல.

பை விஷயத்தில் நீட்டி முழக்க மாட்டேன். ரேஷன் கார்டு, ஆதார், மீனவர் அட்டை, நகைக்கடன் ரசீது எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் போகட்டும். டார்ச்சும் பேட்டரி ரேடியோவும் கட்டாயம். 2011இல் தானே புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போன் செத்துக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். முக்கியமான நம்பர்களைத் தாளில் எழுதிவையுங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக மருந்து. ஃபுகுஷிமா அருகே ஒரு மருத்துவமனையிலிருந்தும் அதைச் சேர்ந்த முதியோர் இல்லத்திலிருந்தும் அவசரமாக வெளியேற்றப்பட்ட முதியவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கவனிப்பும் மருந்தும் இல்லாமல் மணிக்கணக்கில் பஸ்ஸில் கிடந்ததே அவர்களைக் கொன்றது. ஆயாவின் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் ஒரு வாரத்துக்குக் குறையாமல், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு அந்தப் பையிலேயே இருக்கட்டும். அயோடின் மாத்திரை தைராய்டை மட்டுமே காக்கும். அதையும் சுகாதாரத் துறை கொடுத்து, சொன்ன பிறகே விழுங்க வேண்டும். உப்பை அள்ளித் தின்பதால் ஒரு பயனும் இல்லை.

யார் சொன்னால் கேட்பது? வாட்ஸ்அப்பில் வரும் குரலை நம்பாதீர்கள், கேட்டதும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். நமக்கான உத்தரவு புதுச்சேரி ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். 1077இல் கேளுங்கள், 112 இருக்கிறது. அதோடு நம்மிடம் இன்னொன்றும் உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே அமைத்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அலை உயரம் சொல்வார்கள், அதைக் கேட்டுத் தொழிலுக்குப் போனோம். நல்லவாடு கிராமத்திலும் அதுபோல ஒன்று இருந்தது. சுனாமி அன்று சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்ப் பையன் வீட்டுக்குப் போன் செய்து எச்சரித்தான். ஊர்க்காரர்கள் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் பிழைத்தது. தினமும் கேட்டுப் பழகிய குழாய் என்பதால்தான் கேட்ட மாத்திரத்தில் ஓடினார்கள். நம் ஊர்க் குழாய் இன்று வேலை செய்கிறதா, பேட்டரி இருக்கிறதா, சாவி யாரிடம்? வருகிற ஊர்க்கூட்டத்தில் பஞ்சாயத்தாரிடம் இதை எழுந்து கேளுங்கள்.

"எனக்கு வயசாயிடுச்சு, நீங்க போங்கடா" என்றுதான் ஆயா சொல்வார். நமக்குப் பாரமாகக் கூடாது என்று சொல்வது அது. அந்தப் பேச்சை ஏற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்து பாருங்கள். மூச்சு வாங்கினால் மூன்றாவது ஆளைத் தேட இன்னும் நேரம் இருக்கிறது.