வீட்டு மின்சாரமும் வீண்விரயமும்



வீண்விரயம் என்றதும் நமக்குக் கல்யாணப் பந்தலும், இலையில் மிஞ்சிக் குப்பைக்குப் போகும் பிரியாணியும்தான் நினைவுக்கு வருகின்றன. சுவரில் ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கும் மின்சார மீட்டர் நினைவுக்கு வருவதில்லை. இரண்டு மாதத்துக்கொரு முறை கட்டணம் தெரிந்ததும் வீட்டில் ஒரு சிறு சச்சரவு. மறுநாள் எல்லாம் பழையபடி. "காசு நான் கட்டுகிறேன், உங்களுக்கென்ன நஷ்டம்?" என்று குடும்பத் தலைவர் கேட்டுவிட்டாலோ பேச்சு அத்தோடு முடிந்தது!

இந்தக் கேள்விக்கு மார்க்கத்தில் பதில் இருக்கிறது. ஸஅத் (ரலி) அவர்கள் உளூச் செய்துகொண்டிருக்கையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வழியே வந்து, இதென்ன விரயம் என்று வினவினார்கள். உளூவிலுமா விரயம் உண்டு என்று ஸஅத் (ரலி) வியந்தபோது, ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் உண்டு என்ற கருத்தில் விடையளித்தார்கள். இப்னு மாஜாவில் வரும் இந்த அறிவிப்பின் தொடரில் பலவீனம் உண்டென்று ஹதீஸ் கலை வல்லுநர் பலர் கூறியிருக்கின்றனர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூவையும், ஒரு ஸாஉ அளவில் குளிப்பையும் முடித்துக்கொண்டார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உறுதியாக வந்திருக்கிறது. முத்து என்பது நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. நான்கு முத்து ஒரு ஸாஉ. ஆற்றுநீருக்கு எவரும் காசு கட்டுவதில்லையே! ஆகவே விரயம் என்பது காசைப் பற்றிய பேச்சு மட்டுமன்று என்பது தெளிவு.

நம் பகுதியில் ஆற்றுநீரே மின்சாரமாகி வீட்டுக்கு வருகிறது. பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரால் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1944-ல். இன்று அது மட்டும் போதாமல் தூத்துக்குடியில் நிலக்கரியை எரிக்கிறார்கள். செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் காற்றாலைகளைச் சுழல விடுகிறார்கள். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில் குத்துக்கல்வலசைப் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் காற்றுக்குக் கதவே நிற்காது. அதே வேளையில் ஜன்னல்களையெல்லாம் சாத்திக்கொண்டு உள்ளே மின்விசிறியை முழுவேகத்தில் சுழல விட்டுப் படுத்திருக்கிறோம். வெளியே வீசும் காற்றைக் காற்றாலையில் பிடித்து, மின்சாரமாக்கி, கம்பி வழியே கொண்டுவந்து, மறுபடி காற்றாக்கிக் கொள்கிறோம்! கொசுவுக்கு அஞ்சித்தான் என்பீர்கள். ஜன்னலுக்கு ஒரு வலை அடித்தால் தீர்ந்தது.

தாய்மார்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். ஆகவே கணக்காகவே சொல்வோம். ஆயிரம் வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட்ஸ். நாளுக்குப் பத்து மணி நேரமென்றால் இரண்டு மாதத்தில் 45 யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட்ஸ்தான்; அதே காற்றுக்கு 18 யூனிட் போதும். 2000 வாட்ஸ் வெந்நீர் ஹீட்டர் அரைமணியில் ஒரு யூனிட்டை விழுங்கிவிடும். ஒரு குதிரைச் சக்தி மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, மாடித் தொட்டி நிரம்பி நாள்தோறும் அரைமணி வழிந்தால் இரண்டு மாதத்தில் 22 யூனிட்டுக்கு மேல் வீண். தண்ணீரும் போயிற்று, மின்சாரமும் போயிற்று. குழாயை முழுக்கத் திறந்துவிட்டு உளூச் செய்பவர் மோட்டாரையும் சேர்த்தே ஓட்டுகிறார்!

2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியலை எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தோம். இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1725 ரூபாய். 501 செலவழித்த வீட்டுக்கு 1958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் கீழ்ப்படியில் இருந்த சலுகையும் பறிபோவதால் வரும் விளைவு இது. 2024 ஜூலையில் கட்டணம் மறுபடி ஏறியது. இந்த எல்லையை ஒட்டி நிற்கும் குடும்பம் வெள்ளிதோறும் மீட்டர் எண்ணைக் காலண்டரில் குறித்துவரட்டும். வாரத்துக்கு 56 யூனிட்டுக்குள் நின்றால் எல்லையைத் தாண்டாது. எண்ணைப் படிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால் அவர்களே வீட்டுக்குக் காவல்காரர்களாகி விடுவார்கள்.

கட்டணத்தைக் குறைக்க வேறொரு வழியும் சிலரிடையே நடக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரே அடுப்பில் சமைத்து உண்ணும் ஒரே குடும்பம், மாடியைத் தனி வீடென்று எழுதிக்கொடுத்து இரண்டாவது இணைப்பு வாங்கி, இலவச யூனிட்டை இருமுறை பெற்றுக்கொள்கிறது. உண்மையிலேயே தனிக் குடித்தனம் நடத்துவோர் வேறு. இல்லாததை இருப்பதாக எழுதிக்கொடுப்பது பொய். பொய்யால் வந்த சலுகை பொதுமக்கள் பொருள். கல்யாண வீட்டு அலங்கார விளக்குக்குக் கம்பத்தில் கொக்கி போடுவதோ அப்பட்டமான திருட்டு. இவற்றால் மிஞ்சும் காசைச் சிக்கனம் என்று சொல்வதற்கில்லை.

இரவில் படுக்கும்போது விளக்கை அணையுங்கள் என்ற ஹதீஸைச் சிலர் மின்சாரச் சிக்கனத்துக்கு ஆதாரமாகக் காட்டுகின்றனர். எலி திரியை இழுத்து வீட்டுக்குத் தீ வைத்துவிடும் என்ற அச்சமே அங்கே காரணமாகச் சொல்லப்பட்டது. தலையணையடியில் செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குபவருக்கு அந்த ஹதீஸ் நன்றாகவே பொருந்தும். விரயத்துக்குத் தனி ஆதாரங்கள் உண்டு. தேவையில் அளவு மீறுவதை இஸ்ராஃப் என்றும், தேவையே இல்லாத இடத்தில் கொட்டுவதைத் தப்தீர் என்றும் உலமாக்கள் பிரித்துச் சொல்வர். ஆளில்லாத அறையில் எரியும் விளக்கு இரண்டாவது வகை. அவ்வாறு கொட்டுவோரைத்தான் பனீ இஸ்ராயீல் அத்தியாயம் ஷைத்தானின் சகோதரர்கள் என்கிறது.

இதற்காகக் கோடைப் புழுக்கத்தில் வயதான தாயின் அறை விசிறியை அணைப்பதும், படிக்கும் பிள்ளையின் விளக்கைக் குறைப்பதும் கூடாது. விரயமும் கஞ்சத்தனமும் இன்றி நடுநிலையில் நிற்போரையே அல்ஃபுர்கான் அத்தியாயம் ரஹ்மானின் அடியார்கள் என்று புகழ்கிறது. விளக்கை யார் அணைக்கவில்லை என்று பெண்களைக் கடிந்துகொள்ளும் ஆண்கள், டெலிவிஷன் முன் உறங்கிப்போகும் தங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நியாயம்.

பள்ளிவாசல் மின்சாரம் இதைவிடக் கனமானது. அது ஜமாஅத்தார் கொடுத்த பொருள், வக்ஃபுடைய அமானத். கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் அரசாங்க வேலை முடிந்து சொந்தப் பேச்சு தொடங்கியதும் அரசு எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டுத் தம் விளக்கை ஏற்றிக்கொண்டார்கள் என்று வரலாற்றில் வருகிறது. இங்கோ இஷா முடிந்து நான்கு பேர் ஸுன்னத் தொழுதுகொண்டிருக்க, பள்ளி முழுவதும் விசிறிகள் சுழல்கின்றன. முன்வரிசையில் இரண்டு போதும். எந்த ஸுவிட்ச் எந்த வரிசைக்கு என்று சீட்டு எழுதி ஒட்டிவைத்தால், முஅத்தின் அவர்கள் இல்லாத வேளையிலும் கடைசியாகத் தொழுதவர் தாமே அணைத்துவிட்டுப் போவார்.