விலையின்றிப் பெற்றதற்குக் கடன் உண்டா?



பூசைப் பாடல்களையும் வேத வசனங்களையும் திரையில் காட்டவேண்டுமென்று நம் பங்கு வாலிபர்கள் விரும்புகின்றனர். விருப்பம் நல்லதே. 1963-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், விசுவாசிகள் உணர்ந்து, முழுமையாய், ஊக்கத்தோடு வழிபாட்டில் பங்குபெற வேண்டுமெனக் கேட்கிறது. பாட்டுப் புத்தகம் இல்லாதவரும், பொடி எழுத்து வாசிக்க இயலாத முதியவரும் திரையைப் பார்த்துச் சேர்ந்து பாடலாம். ஆனால், "மென்பொருளுக்குப் பணம் ஏன்? சிநேகிதரிடம் உள்ளதைப் பிரதி எடுத்துக்கொள்வோம். சர்வேசுரனுடைய காரியத்துக்குத்தானே!" என்று சிலர் சொல்லக்கூடும். இது நியாயமா?

விற்பனைக்கு வைத்த மென்பொருளை அனுமதியின்றிப் பிரதி எடுப்பது ஏழாம் கற்பனைக்கு விரோதம். "உடையவனிடம் அவன் பொருள் அப்படியே இருக்கிறதே, அவன் எதை இழந்தான்?" என்பீர்கள். தன் உழைப்பின் கூலியை இழந்தான். கூலியை மறுப்பது எவ்வளவு பாரமான பாவமென்று ஞானோபதேசம் படிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். நன்மை விளையுமென்று தீமை செய்யலாகாது என்பதே அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் படிப்பினை. தாவீது அரசர் பலிபீடம் கட்ட இடம் தேடியபோது, உடையவன் தன் களத்தை இனாமாகவே தர முன்வந்தான். தமக்குச் செலவில்லாததை ஆண்டவருக்குப் பலியாக்க மனமில்லாத அரசர், களத்தையும் மாடுகளையும் ஐம்பது சீக்கல் வெள்ளிக்கு வாங்கினார்.

அப்படியானால், இலவச மென்பொருளைக் கோவிலில் உபயோகிப்பது தகுமா என்ற சந்தேகம் எழும். ஓப்பன் எல்.பி. என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கோவில் வழிபாட்டுக்கென்றே தொண்டர்கள் ஆக்கியது அது. பாடல்களையும் வேத வசனங்களையும் படங்களையும் திரையிடும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ல் தொடங்கிய குனு முயற்சியில் பிறந்த பொது உரிமத்தின்கீழ் வழங்கப்படுகிறது. அதை எக்காரியத்துக்கும் உபயோகிக்கலாம், உள்ளமைப்பைப் படித்துத் திருத்தலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் இனாமுக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் வழங்குகிறது. தமிழில் இரண்டும் வேறாதலால் உண்மை நமக்கு எளிதில் விளங்கும்: இங்கே தரப்படுவது முக்கியமாய்ச் சுதந்திரம். ஆகவே இதைப் பெறுகிறவன் திருடவில்லை, கொடையை ஏற்கிறான்.

கொடைக்குக் கடமை உண்டு. இம் மென்பொருளைத் திருத்தி வெளியிடுகிறவன், தான் பெற்ற சுதந்திரத்தைப் பிறருக்கும் விட்டுவைக்க வேண்டுமென்பது உரிமத்தின் நிபந்தனை. பெற்ற வரங்களை விலைபேசாமல் வழங்கும்படி சேசுநாதர் அப்போஸ்தலர்களுக்குக் கட்டளையிட்டதை இது நினைப்பூட்டவில்லையா? பணம் கேளாத இடத்தில் உழைப்புக் கேட்கப்படுகிறது. பாடல்களைப் பிழையின்றி எழுதிச் சேர்ப்பது, குறை கண்டால் ஆக்கியோருக்கு அறிவிப்பது, பக்கத்துப் பங்குக்குக் கற்றுக்கொடுப்பது: தாவீது எண்ணிக் கொடுத்த வெள்ளிக்கு ஈடாக நாம் கொடுக்கவேண்டியவை இவை.

இன்னொரு எச்சரிக்கை. மென்பொருள் இலவசமானதால் பாட்டும் இலவசமாகிவிடாது. பாட்டை எழுதினவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமை உண்டு. அம் மென்பொருளிலேயே ஆசிரியர் பெயரையும் உரிமையாளர் பெயரையும் எழுத இடமிருக்கிறது. அவை திரையின் அடியில் தோன்றும். அந்த இடத்தை வெறுமையாய் விடாதீர்கள். அனுமதி வேண்டிய பாட்டுக்கு அனுமதி கேளுங்கள். கிடைக்காவிடில், நாம் மனப்பாடமாய் அறிந்த பழைய பாட்டுகள் எத்தனையோ உண்டு.

ஆகையால் வாலிபர்களே, தாராளமாய்த் திரை வையுங்கள். பெற்றோரே, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ளவை எவ்வழியாய் வந்தவை என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். கள்ளப் பிரதி இருந்தால் நீக்கிவிடுங்கள். கோவிலில் நேர்மையும் வீட்டில் வேறொரு நியாயமும் கிறிஸ்தவனுக்கு இல்லை.